விற்கத் தேவையில்லாத சுவரொட்டிகள்

'கேபரே' படத்துக்கு 1973-இல் போலந்தில் ஒட்டிய போஸ்டரில் நாயகி லைசா மின்னெல்லியின் முகம் கிடையாது. கறுப்புக் காலுறை போட்ட நான்கு பெண் கால்கள், முழங்காலில் மடங்கி, ஒன்றையொன்று துரத்துவதுபோல ஒரு மையத்தைச் சுற்றி நிற்கின்றன. நடுவில் பூச்சும் உதட்டுச் சாயமுமாக ஒரு முகம் சிரிக்கிறது. படத்தில் அந்த இரவு விடுதியின் நிகழ்ச்சிகளை நடத்துகிறவனை ஞாபகப்படுத்தும் முகம். முதலில் பார்க்கும்போது ஏதோ நடன நிகழ்ச்சிக்கான விளம்பரம் என்றுதான் தோன்றும். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் அந்தக் கால்கள் நான்கும் சேர்ந்து நாஜிகளின் ஸ்வஸ்திகாவாக இருப்பது தெரியும்.

வரைந்தவர் விக்தோர் குர்கா. பெர்லினில் 1931 வாக்கில் நடக்கிற கதை அது. விடுதிக்குள்ளே பாட்டும் கூத்தும் நடந்துகொண்டிருக்க, வெளியே நாஜிகளின் பழுப்புச் சட்டைப் படையினர் பெருகிக்கொண்டே போகிறார்கள். உள்ளே இருக்கிறவர்கள் அதைக் கண்டும் காணாமல் இருக்கிறார்கள். படம் இரண்டு மணி நேரம் எடுத்துச் சொல்வதை குர்கா நான்கு கால்களில் சொல்லிவிட்டார். அதை எங்கே ஒட்டினார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். அந்தச் சின்னத்தை நிஜமான சுவர்களிலும் நிஜமான கொடிகளிலும் 1939 முதல் 1945 வரை பார்த்தவர்கள், முப்பது வருடம்கூட ஆகாத நிலையில், அந்த போஸ்டரைத் தாண்டி வேலைக்குப் போனார்கள். அவர்களுக்கு அது வெறும் சாமர்த்தியமான ஓவியமாக இருந்திருக்க முடியாது.

வெளிநாட்டுப் படங்களுக்குப் போலந்துக்காரர்கள் வரைந்த போஸ்டர்களை நான் பல வருடமாகத் தேடிப் பார்த்து வருகிறேன். படத்தை முதலில் பார்ப்பேன், அப்புறம் அதன் போலந்து போஸ்டரைத் தேடுவேன். சில நேரம் தலைகீழாகவும் நடக்கும். போஸ்டர் இழுத்துக்கொண்டு போய்ப் படத்தில் விட்ட அனுபவமும் உண்டு. இத்தனை பார்த்த பிறகு எனக்கு ஒன்று உறுதியாகப் படுகிறது. மற்ற நாடுகளில் சினிமா போஸ்டர் என்பது படத்தை எடுத்தவர் பேசும் பேச்சு. 'வா, வந்து பார், இதில் இன்னார் நடிக்கிறார்' என்று அது கூப்பிடுகிறது. போலந்தில் ஏறக்குறைய நாற்பது வருடம், போஸ்டர் என்பது படத்தைப் பார்த்தவர் பேசும் பேச்சாக இருந்தது. ஓவியர்தான் அந்த ஊரின் முதல் பார்வையாளர். பார்த்துவிட்டு வந்து, தனக்கு என்ன பட்டது என்று சுவரில் எழுதி வைத்தார்.

இது எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள 1945-க்குப் போக வேண்டும்.

போர் முடிந்தபோது வார்சா நகரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இடிபாடு. திரைப்படத் துறையை முழுக்க அரசு எடுத்துக்கொண்டது. 'ஃபில்ம் போல்ஸ்கி' என்ற ஒரே நிறுவனம்தான் படம் எடுக்கவும், வாங்கவும், ஓட்டவும். அந்த நிறுவனம் போஸ்டர் வரைந்து தரச்சொல்லி ஓவியர்களைக் கேட்டது. ஹென்றிக் தொமஷெவ்ஸ்கி, ததேயுஷ் த்ரெப்கோவ்ஸ்கி, எரிக் லிபின்ஸ்கி ஆகியோர் அப்படி வந்தவர்கள். சினிமா போஸ்டர் என்றாலே கௌரவமான ஓவியர்கள் முகம் சுளித்த காலம் அது. நடிகர் முகம், நடிகை முகம், இரண்டுக்கும் நடுவே ஒரு முத்தம் என்பதுதான் போருக்கு முந்தைய வழக்கம். அந்த வழக்கப்படி வரையச் சொல்லக் கூடாது, எங்கள் போக்கில் விட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் இவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஃபில்ம் போல்ஸ்கியும் சரி என்றது.

பலன் சீக்கிரமே தெரிந்தது. 1948-இல் வியன்னாவில் நடந்த சர்வதேச போஸ்டர் கண்காட்சியில் தொமஷெவ்ஸ்கி ஐந்து தங்கப் பதக்கங்களை வாங்கினார். 'சிட்டிசன் கேன்' படத்துக்கு அவர் வரைந்தது அந்தக் காலத்தில்தான். அவருடைய ஆரம்பகால போஸ்டர்களில் எனக்குப் பிடித்தது, சினிமா செய்கிற வேலையையே அவை தாளில் செய்துபார்ப்பது. உருவத்தைப் பாதியில் வெட்டுவார், கோணத்தைச் சாய்ப்பார், பொருந்தாத இரண்டு அளவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். படத்தின் ஒரு காட்சியை எடுத்து ஒட்டுவதில்லை. கேமராவின் கண்ணைக் கடன் வாங்கிக்கொள்கிறார்.

அப்புறம் வந்தது கெட்ட காலம். 1949 வாக்கில் சோசலிச யதார்த்தவாதம், அதாவது கட்சியின் கொள்கையைப் போற்றும்படி அரசு கட்டளையிட்ட பாணி, எல்லாக் கலைகளுக்கும் சட்டமானது. போஸ்டரும் தப்பவில்லை. அந்த இறுக்கத்துக்குள்ளேயே 1952-இல் வோய்ச்செக் ஃபாங்கோர், ழான் கபான் நடித்த ரெனே க்ளெமாவின் படத்துக்கு ஒரு போஸ்டர் வரைந்தார். போலந்துத் தலைப்பு 'முரி மலாபாகி'. தூரிகையின் தடம் அப்படியே தெரிகிற ஓவியம் அது. 'போலந்து போஸ்டர் பள்ளி' என்று பின்னால் பெயர் பெற்ற கலைப் போக்கின் உண்மையான தொடக்கம் இதுதான் என்று பலர் சொல்வார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது. அதுவரை கருத்தைச் சொல்லும் படமாக இருந்தது, இதில்தான் மனநிலையைச் சொல்லும் ஓவியமாக மாறியது. 1953-இல் ஸ்டாலின் இறந்தார். 1956 அக்டோபரில் போலந்தில் இறுக்கம் தளர்ந்தது. அதன் பிறகு கதவு திறந்துவிட்டது.

இந்த ஏற்பாடு எப்படி இயங்கியது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் ரகசியம் அங்கேதான் இருக்கிறது.

வெளிநாட்டுப் படத்தை அரசு வாங்கும். திரையரங்குகளுக்கு விநியோகிக்கிற மத்திய நிறுவனம் ஓர் ஓவியரைக் கூப்பிடும். பெரும்பாலும் அவருக்குப் படத்தைப் போட்டுக் காட்டுவார்கள். முடியாதபோது சில புகைப்படங்களும் கதைச் சுருக்கமும் கிடைக்கும். அவர் வரைந்து கொண்டுவந்ததை ஒரு குழு பார்க்கும், அந்தக் குழுவில் ஓவியர்களும் இருப்பார்கள். வார்சாவின் மிஷியா தெருவில் இருந்த தணிக்கை அலுவலகத்தின் ஒப்புதல் இல்லாமல் நாட்டில் எதையும் அச்சடிக்க முடியாது. போஸ்டரும் அங்கே போய்த்தான் வர வேண்டும். பிறகு 'வாக்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அரசு கலைப் பதிப்பகம் அச்சிடும். பல போஸ்டர்களின் ஓரத்தில் பொடி எழுத்தில் இந்தப் பெயரைப் பார்க்கலாம்.

இந்தச் சங்கிலியில் எங்கேயும் இல்லாத ஒருவர் படத்தின் தயாரிப்பாளர். ஹாலிவுட் நிறுவனத்தின் விளம்பரப் பிரிவுக்கு இங்கே வேலையில்லை. நாயகியின் பெயரை எத்தனை அங்குலத்தில் போட வேண்டும் என்று ஒப்பந்தம் காட்ட ஆளில்லை. இன்னொருவரும் இல்லை, வசூலை நினைத்துக் கவலைப்படுகிற விநியோகஸ்தர். பொழுதுபோக்குக்கு வேறு வழி குறைவாக இருந்த நாட்டில் நல்ல வெளிநாட்டுப் படம் வந்தால் கூட்டம் தானாக வரும். போஸ்டர் எதையும் விற்க வேண்டியிருக்கவில்லை. வரைந்தவருக்குப் படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே சம்பளம்.

இன்னொன்றும் உண்டு. படங்கள் தாமதமாக வந்தன. 1941-இல் வெளிவந்த 'சிட்டிசன் கேன்' படத்தின் போலந்து போஸ்டர் 1948-ஐச் சேர்ந்தது. 1950-இன் 'சன்செட் புலவார்ட்' படத்துக்கு வால்டெமார் ஷ்வியெஜி வரைந்தது 1957-இல். ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' 1958-இல் வந்தது, அதன் போலந்து போஸ்டர் 1963-இல் வந்தது. விளம்பர ஆரவாரம் எல்லாம் எப்போதோ ஓய்ந்துவிட்ட பிறகு, படம் மட்டும் தனியாக வந்து சேர்கிறது. அதைச் சுற்றி யாரும் எதையும் சொல்லி வைக்கவில்லை. ஓவியர் அதைப் புதிதாகப் பார்க்கிறார்.

இதைச் சொல்லும்போது அந்த அரசைப் புகழ்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எழுத்தாளனின் புத்தகத்தை முடக்கிய அதே தணிக்கைதான் இந்த போஸ்டர்களுக்கும் முத்திரை குத்தியது. வெளிநாட்டுப் படத்துக்கான போஸ்டரை அது அவ்வளவு பெரிய ஆபத்தாகக் கருதவில்லை, அவ்வளவுதான். இந்தக் கலையின் பெரிய கைகள் பல போலந்திலேயே தங்கவும் இல்லை. ரோமான் செஷ்லேவிச் 1963-இல் பாரிஸுக்குப் போனார். அங்கே 'எல்' என்ற பெண்கள் பத்திரிகையின் கலை இயக்குநராக இருந்தார். யான் லெனித்சாவும் அதே வாக்கில் கிளம்பினார். ஃபாங்கோர் அமெரிக்கா போய், 1970-இல் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி வைக்கும் அளவுக்கு உயர்ந்தார். சுதந்திரம் நிறைந்து வழிந்த இடத்திலிருந்து மனிதர்கள் இப்படிக் கிளம்பமாட்டார்கள். பணத்தின் கை எட்டாத, அதிகாரத்தின் கண்ணும் சற்று அசந்த ஒரு மூலை அது. அந்த மூலையில் கிடைத்த இடத்தை இவர்கள் முழுக்கப் பயன்படுத்திக்கொண்டார்கள். பெருமை முழுவதும் அவர்களுக்கே.

செஷ்லேவிச் கிளம்பிய அதே 1963-இல்தான் அந்த 'வெர்டிகோ' போஸ்டரும். கதையில் வருவது உயரத்தைக் கண்டு தலைசுற்றும் ஒரு துப்பறிவாளன், அவன் பின்தொடரும் ஒரு பெண், அவள் இறந்துவிட்டாள் என்று நம்பியபின் அவன் படும் பாடு. அமெரிக்க போஸ்டரில் வடிவமைப்பாளர் சால் பாஸ் போட்ட சுழல் உலகப் புகழ்பெற்றது, நல்ல வடிவமைப்பும்கூட. அந்தச் சுழலுக்குள் ஓர் ஆண் விழுகிறான். செஷ்லேவிச் போட்டது ஒரு மண்டையோடு. மூளை இருக்க வேண்டிய இடத்தில் வளையத்துக்குள் வளையமாகக் கோடுகள். குறிபார்த்துச் சுடும் பலகையாகவும் அதைப் பார்க்கலாம், ரேகைப் பதிவாகவும் பார்க்கலாம். சால் பாஸின் சுழல் நாயகனுக்கு வெளியே இருக்கிறது, அவன் அதில் விழுகிறான். செஷ்லேவிச்சிடம் சுழல் தலைக்குள்ளேயே இருக்கிறது. மேலும், அந்தத் தலை ஏற்கெனவே செத்துப்போனது. இறந்தவளைத் திரும்பச் செய்துகொள்ளப் பார்க்கிற ஒருவனின் கதைக்கு இரண்டாவதுதான் நெருக்கமான வாசிப்பு என்பது என் எண்ணம். மூன்று நான்கு முறை படத்தைப் பார்த்தபின்புதான் எனக்கு அது உறைத்தது.

ஹிட்ச்காக்கின் இன்னொரு படமான 'தி பேர்ட்ஸ்' 1965-இல் ப்ரோனிஸ்வாவ் ஸெலெக் கைக்கு வந்தது. போலந்து மொழியில் பறவைகளுக்கு 'ப்தாகி'. அந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதித் தாள் முழுக்க இறைத்துவிட்டார். எழுத்துகளே கூட்டமாகப் பறந்து வருகின்றன. நடுவே சிறகு முளைத்த ஒரு மண்டையோடு. அலறுகிற பெண் இல்லை, ரத்தம் இல்லை. ஒரே சொல்லைக் கூட்டம் கூட்டமாகப் பார்க்கும்போது அதுவே தொல்லையாகி, பிறகு பயமாகிவிடுகிறது. படத்தில் குழந்தைகள் விளையாடும் கம்பிச் சட்டத்தில் காக்கைகள் ஒவ்வொன்றாக வந்து உட்காருமே, அந்தக் காட்சியின் கணக்கும் இதுதான்.

எழுத்தைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். இந்த போஸ்டர்களில் பெரும்பாலானவற்றில் தலைப்பு கையால் எழுதியது. நல்ல அச்செழுத்து சுலபமாகக் கிடைக்காத தட்டுப்பாடு ஒரு காரணம். ஆனால் தட்டுப்பாடு மட்டுமே காரணம் என்றால் எழுத்து ஏனோதானோவென்று இருந்திருக்கும். இங்கே எழுத்து ஓவியத்தின் உறுப்பாகவே இருக்கிறது. யான் ம்லோதொஜெனியெத்ஸ் எழுதினால் கனமான கோடும் பளிச்சென்ற வண்ணமும் கலந்து எழுத்தும் உருவமும் ஒரே குடும்பமாகிவிடும். ஃப்ரான்சிஷெக் ஸ்டாரோவியெய்ஸ்கி பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் பரோக் பாணிக் கையெழுத்தில் சுழித்துச் சுழித்து எழுதுவார். தன் ஓவியங்களில் தேதி போடும்போது முந்நூறு வருடத்தைக் கழித்துவிடும் பழக்கமும் அவருக்கு உண்டு. 1973-இல் வரைந்ததில் 1673 என்று இருக்கும். தான் வாழ வேண்டிய நூற்றாண்டு அதுதான் என்ற அவருடைய தீர்மானம் ஓவியத்திலும் தெரியும். அழுகும் சதை, எலும்பு, பறவைத் தலை, பெண்ணுடல் என்று ஒன்றிலிருந்து ஒன்று முளைத்துக்கொண்டே போகும்.

இதையெல்லாம் மக்கள் கண்காட்சி அரங்கில் போய்ப் பார்க்கவில்லை. கட்டடம் எழும்பும் இடங்களைச் சுற்றியிருந்த மரவேலிகளிலும், தெருமுனையில் நிற்கும் உருண்டைத் தூண்களிலும் பசை தடவி ஒட்டினார்கள். தாள் மட்டமானது. மழையில் நனைந்து, மேலே இன்னொன்று ஒட்டப்பட்டு, போய்விடும். சாம்பல் நிறத்தில் திரும்ப எழும்பிக்கொண்டிருந்த ஒரு நகரத்தில் இதுதான் நிறம். டிராமுக்கு நிற்கிற நேரத்தில் எவருக்கும் காசில்லாமல் கிடைத்த ஓவியம். 1966-இல் வார்சாவில் சர்வதேச போஸ்டர் ஈராண்டுக் கண்காட்சி, அதாவது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடப்பது, தொடங்கியது. 1968-இல் விலானூவ் அரண்மனையின் பழைய குதிரைப் பயிற்சிக் கொட்டகை இருந்த இடத்தில் போஸ்டருக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். உலகில் இந்த வகையில் முதலாவது அதுதான்.

எல்லாமே அற்புதம் என்று நான் சொல்லவில்லை. வருடத்துக்கு இத்தனை படங்கள், அத்தனைக்கும் போஸ்டர் என்றால் கை தானாக ஓடத் தொடங்கிவிடும். மண்டையோடு, பிளந்த தலை, தலைக்குள்ளிருந்து முளைக்கும் ஏதோ ஒன்று, முகத்தில் இடம் மாறிய கண் என்று ஒரு கட்டத்தில் இதுவே சூத்திரம் ஆகிவிட்டது. குறிப்பாக 80-களில் சில போஸ்டர்களைப் பார்த்தால் எந்தப் படத்துக்கு என்று தலைப்பைப் படிக்காமல் சொல்ல முடியாது. படம் லேசான நகைச்சுவையாக இருக்கும், போஸ்டரில் கொடுங்கனவு இருக்கும். இணையத்தில் வேடிக்கைக்காகப் பகிரப்படுவது பெரும்பாலும் இந்த ரகம்தான். 'போலந்துக்காரர்கள் எவ்வளவு விசித்திரம் பாருங்கள்' என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஷ்வியெஜியின் 'மிட்நைட் கௌபாய்' போஸ்டரும் அந்தப் பட்டியல்களில் வரும். தொப்பியும் உடுப்புமாக ஒரு கௌபாய், முகத்தில் கண்ணும் இல்லை மூக்கும் இல்லை, சிவந்த உதடு மட்டும். படத்தைப் பார்க்காதவருக்கு அது விசித்திரம். டெக்சாஸிலிருந்து நியூயார்க் வந்து, உடம்பை விற்றுப் பிழைத்துவிடலாம் என்று நம்பிய அந்தப் பையனைப் பார்த்தவருக்கு அது விசித்திரமே இல்லை. அவனை வாங்க வருகிறவர்களுக்கு அவனிடம் வேறென்ன தெரியும்?

இந்தக் கதையில் ஒரு போஸ்டர் சினிமாவைத் தாண்டிப் போனது. கேரி கூப்பர் நடித்த 'ஹை நூன்' படத்துக்கு 1959-இல் மரியான் ஸ்டாஹுர்ஸ்கி போலந்து போஸ்டர் செய்திருந்தார். முப்பது வருடம் கழித்து, 1989-இல், கம்யூனிஸ்ட் ஆட்சியில் பல பத்து வருடங்களுக்குப் பிறகு எதிர்க்கட்சியையும் போட்டியிட விட்ட தேர்தல் வந்தது. தோமாஷ் சர்னெத்ஸ்கி என்ற வார்சா கலைக் கல்லூரி மாணவர் அந்த போஸ்டரை மனதில் வைத்து இன்னொன்று செய்தார். தனியாக நடந்து வருகிறார் ஷெரீஃப் கேரி கூப்பர். பின்னால் சிவப்பில், ஆட்சியை எதிர்த்துப் போட்டியிட்ட சாலிடாரிட்டி இயக்கத்தின் பெயர். நெஞ்சில் ஷெரீஃப் நட்சத்திரத்துக்கு மேலே அதே இயக்கத்தின் சின்னம். கையில் துப்பாக்கி இருக்க வேண்டிய இடத்தில் வாக்குச் சீட்டு. கீழே 'உச்சி வேளை, 4 ஜூன் 1989' என்று ஒரு வரி. தேர்தல் முடிந்தபோது கீழவையில் தங்களுக்குத் திறந்துவிடப்பட்ட 161 இடங்களையும், மேலவையின் 100 இடங்களில் 99-ஐயும் சாலிடாரிட்டி தரப்பு பிடித்தது. போஸ்டரால் வென்றார்கள் என்று சொன்னால் அது மிகை. ஆனால் ஒரு ஹாலிவுட் ஷெரீஃபை அரசியல் வாக்கியமாகப் படிக்க அந்தத் தெருவில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. நாற்பது வருடமாகச் சுவரைப் படித்துப் பழகியவர்கள் அவர்கள்.

அந்தத் தேர்தல் கொண்டுவந்த மாற்றமே இந்தக் கலையின் அடித்தளத்தையும் எடுத்துவிட்டது. அரசின் ஏகபோகம் போனது. தனியார் விநியோகஸ்தர்கள் வந்தார்கள், படத்தோடு போஸ்டரும் ஹாலிவுட்டிலிருந்தே வந்தது. நடிகர் முகங்கள் திரும்பின. சுதந்திரம் வந்ததற்காக எந்தப் போலந்துக்காரரும் வருந்த முடியாது, வருந்தவும் கூடாது. ஆனாலும் இது இழப்புதான். இரண்டையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கலை ஒரேயடியாகக் காணாமல் போய்விடவில்லை. தொமஷெவ்ஸ்கி வார்சா கலைக் கல்லூரியில் 1952 முதல் 1985 வரை பாடம் நடத்தினார். பிரான்சிலிருந்து வந்து அவரிடம் படித்த பியர் பெர்னாரும் ஜெரார் பாரி-க்ளாவெலும் திரும்பிப் போய் 1970-இல் 'க்ராபுஸ்' என்ற வடிவமைப்புக் குழுவைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர்கள். ஆந்த்ஜெய் பொங்கோவ்ஸ்கி, வியெஸ்வாவ் வவ்குஸ்கி போன்ற பிந்தைய தலைமுறைக்காரர்கள் 1989-க்குப் பிறகும் நாடகத்துக்கும் விழாக்களுக்கும் வரைந்துகொண்டே இருந்தார்கள். ஃபாங்கோரோ அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து, தொண்ணூறை ஒட்டிய வயதில், வார்சா மெட்ரோவின் இரண்டாம் தடத்தில் ஏழு நிலையங்களின் சுவர்களுக்கு ஓவியமும் எழுத்தும் செய்து கொடுத்தார். 2015-இல் அந்தத் தடம் திறந்தது, அதே வருடம் அவர் காலமானார். நிலையத்தின் பெயர் அங்கே சுவர் நீளத்துக்குத் தூரிகையால் எழுதியதுபோல ஓடுகிறது.

பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். 'சிறந்த ஐம்பது போலந்து போஸ்டர்கள்' மாதிரியான தொகுப்புகளில் இறங்க வேண்டாம். உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரு வெளிநாட்டுப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 80-களுக்கு முந்தையதாக இருந்தால் நல்லது. அது போலந்தில் ஓடியிருந்தால் அதற்கென்று வரைந்த போஸ்டரும் எங்காவது இருக்கும். முதலில் எரிச்சல்கூட வரலாம், நம் படத்தை இந்த ஆள் ஏன் இப்படிச் செய்துவைத்திருக்கிறார் என்று. எனக்கு 'வெர்டிகோ'வில் அப்படித்தான் வந்தது. அந்த எரிச்சலோடு படத்தை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள்.